உப்புப் பூத்த சுவர்

அத்தியாயம் 17

யாகப்பம்மாள் மருமகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கையோடு, தட்டில் இருந்த பெயின்டைத் தொட்டுத் தன் புருஷன் இன்னாசியின் விரல் நுனிகளில் வைத்தாள். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வைக்கும் பங்குச்சாமியார்கூட அவ்வளவு பக்தியாக வைத்திருக்க மாட்டார்.

"நகக்கண்ணுல கொஞ்சம் வையி. அங்கனதான் போகாம நிக்கும்," என்றார் இன்னாசி.

"எனக்குத் தெரியும். ஆட்டாமக் கையைக் காட்டுங்க."

அனிட்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. மாமனார் விரலில் ஏறுவது தன் கையில் இருந்த பெயின்ட்.

கதையைத் தொடர்ந்து வருகிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

அனிட்டா குட்டி ரயிலுக்கு ஊர் கட்டுகிறவள். சில பணக்காரர்களுக்குப் பெரிய கூடத்தில் மேசை போட்டு, தண்டவாளம் போட்டு, விரல் நீள ரயில் விடுவது பொழுதுபோக்கு. ரயில் ஓடினால் போதாது. பக்கத்தில் மலை வேண்டும், ஊர் வேண்டும். அந்த ஊருக்கான வீடுகள் ரெசின் என்ற வார்ப்புப் பிசின் துண்டுகளாக டப்பாவில் வரும். சுவர், கூரை, சன்னல் எல்லாமே உயிரில்லாத சாம்பல் நிறம். அனிட்டா பிசிறைக் கத்தியால் சீவி, சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாள் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, உள்ளங்கையில் அடங்கும் வீடாக அனுப்பி வைப்பாள். மூன்று வருஷமாக இதுதான் அவள் தொழில்.

ஆனால் பார்சல் வருவதும் போவதும் மாமனார் பெயரில். இன்னாசி வீடு என்றால்தான் தங்கச்சிமடத்தில் கூரியர்காரருக்கு வழி தெரியும். பாஸ்புக்கும் அவர் பெயர்தான். பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கும் புருஷன் சகாயவினோத் செய்த ஏற்பாடு அது. எங்கோ இருக்கும் வாடிக்கையாளர்கள் இன்னாசிதான் கலைஞர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன தவக்காலத்தில் இன்னாசி படகுத் தட்டில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். கடல் முடிந்துபோனது. கரையில் அவரைக் கண்டால் எழுந்து நின்றவர்கள், இப்போது உட்கார்ந்த இடத்தில் அசையக்கூட இல்லை. அந்த நேரத்தில் யாரோ இணையத்தில் அவர் படத்தைப் போட்டு 'கடலோடிக் கலைஞர்' என்று எழுதிவிட்டார்கள். பங்குப் பேரவைச் செயலாளர் ஆன்டனி ராஜ் கோயிலில் வைத்துப் பொன்னாடை போர்த்தினார். இந்த வருஷக் கிறிஸ்துமஸ் குடில் பொறுப்பும் இன்னாசிக்கே வந்தது. அதையும் அனிட்டாதான் செய்துகொண்டிருக்கிறாள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கே அவள் வாயைத் திறந்திருக்கலாம். கிழவர் முகத்தில் பல மாசத்துக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்ததும், போகட்டும் என்று விட்டுவிட்டாள். விட்டது இப்போது கழுத்தைப் பிடித்தது.

இன்றைக்கு சேதுலட்சுமி என்ற அம்மாள் வருகிறார். கோத்தகிரிப் பக்கம் சொந்தமாக விடுதி வைத்திருக்கிறவர். அதன் கூடம் முழுக்க ரயில் ஓடுகிறது. அதில் நிற்கும் மலைக் கிராமத்து வீடுகள் எட்டும் இந்த வீட்டில் செய்தவை. அடுத்து ஒரு கடற்கரை ஊர், நாற்பது வீடு. ஒப்பந்தம் போடவும், கலைஞர் வேலை செய்வதைப் படம் எடுக்கவும் வருகிறார். ஊரின் முன்னால் செய்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பதிப்பாராம்.

அந்தத் தகட்டில் என்ன பெயர் என்பதுதான் அனிட்டாவை மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை. நேற்று போனில் புருஷனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"அய்யா பேர்ல இருந்தா என்ன, உன் பேர்ல இருந்தா என்ன? எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளதான இருக்கு," என்றான் அவன்.

"செய்யிறது நான்லங்க."

"இல்லன்னு யாரு சொன்னா? வந்துட்டுப் போற வரைக்கும் பேசாம இரு. அய்யா மனசு ஒடிஞ்சா திரும்ப எந்திரிக்க மாட்டாரு."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டம். பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

"அனிட்டா, சொன்னது ஞாவகம் இருக்குல்ல?" யாகப்பம்மாள் துணியை உதறினாள். "அடுப்படியை விட்டு வெளிய வரக்கூடாது. காப்பி நான் கொண்டுபோய்க் குடுக்குறேன்."

"மாமாவுக்குப் பிரஷ் புடிக்கவே தெரியாது அத்தை."

"ஏன் தெரியாது? நாப்பது வருஷம் படகுக்கு அடிச்சவன்," என்றார் இன்னாசி. "ரெசின் என்ன, எனக்குத் தெரியாத சாமானா? ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போட்ட கை இது."

"அந்த ரெசின் வேற மாமா."

"எல்லாம் ரெசின்தான்."

அதற்கு மேல் பேசக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அனிட்டா அடுப்படிக்குள் போனாள். அவளுடைய மேசையைப் பின்கட்டு அறையில் இருந்து தூக்கி வந்து முன்கூடத்தில் போட்டிருந்தார்கள். திரைச்சீலை இடுக்கில் பார்த்தபோது பிரஷ்களைத் தலைகீழாகச் செருகி வைத்திருந்தது தெரிந்தது. எழுந்து போய் மாற்றி வைக்கக் கால் பரபரத்தது.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. வாடைக்காற்று தூறலை வாசலுக்குள்ளேயே அடித்தது. சேதுலட்சுமி ஐம்பது வயசுக்காரர், வெட்டிய முடி, கையில் ஒரு அட்டைப்பெட்டி. இராமநாதபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ரிஃபாய் கேமராவோடு பின்னால் வந்தார். ஆன்டனி ராஜ் அரை மணி நேரம் முன்பே வந்து, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இன்னாசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப தூரம் வந்திருக்கீக," என்றார் இன்னாசி.

"எனக்கு இது தூரம் இல்லங்க. பொறந்தது கமுதி. அந்தப் பக்கம் வயக்காடு இன்னும் கெடக்கு." சேதுலட்சுமி மேசையை ஒரு பார்வை பார்த்தார். "பேசுறதுக்கு முன்னால வேலையைப் பார்த்துருவோமா? ஒரு சுவரு ஒட்டிக் காட்டுங்க போதும்."

இன்னாசி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இரண்டு சுவர்த் துண்டுகளை எடுத்து மூலை சேர்த்தார். நடுவில் நூல் கனத்துக்கு இடைவெளி இருந்தது. அனிட்டாவாக இருந்தால் தீக்குச்சி முனையில் பசை தொட்டு அந்த இடைவெளியை அடைத்திருப்பாள். இன்னாசி மேசைக்கு அடியில் குனிந்து ஒரு டின்னை எடுத்தார்.

படகு ரெசின்.

வேண்டாம் மாமா, வேண்டாம் என்று அனிட்டாவின் உதடு மட்டும் அசைந்தது.

"இதுதான் எங்க கைப்பக்குவம்," என்றார் கேமராவைப் பார்த்து. காகிதக் கோப்பையில் ரெசினை ஊற்றினார். ஹார்ட்னர் பாட்டிலைத் திறந்தார். "வெயில் காலம்னா கொஞ்சம் போதும். வாடை அடிக்கையில கூட விடணும். இல்லைன்னா இறுகாது."

கரையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆளுயரப் படகின் அடிப்பகுதியில், பரப்பித் தேய்க்கும்போது அது சரி. சின்னக் கோப்பையில் மொத்தமாகக் கலந்தால் சூடேறிக் கொதித்துவிடும். அவர் ஒரு மூடி விட்டார். காற்று அடித்த திசையைப் பார்த்துவிட்டு இன்னொரு மூடியும் விட்டார். நல்ல மீன்பிடிக்காரர், காற்றைப் பார்க்காமல் எதுவும் செய்ய மாட்டார்.

மூலையில் தாராளமாக ஊற்றினார். ஒரு நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. ஆன்டனி ராஜ் பெருமையாகத் தலையாட்டினார். பிறகு காகிதக் கோப்பையில் இருந்து மெல்லப் புகை கிளம்பியது.

"புகை வருதுங்க," என்றார் ரிஃபாய் கேமராவை விட்டு முகத்தை எடுத்து.

"அது அப்படித்தான் வரும்."

கோப்பை பழுப்பாகி வெடித்தது. மேசையில் இருந்த சுவர் சூட்டில் இளகி, குடித்தவன் போல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூடம் முழுக்கப் படகுப் பட்டறை நெடி. யாகப்பம்மாள் ஓடிப்போய்ச் சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். அனிட்டாவின் நல்ல பிரஷ்கள் எல்லாம் அந்தத் தண்ணீரில் மிதந்தன.

"இந்தப் பெட்டி ரெசின் மட்டமான சரக்கு," என்றார் இன்னாசி. குரல் கம்மியிருந்தது. அவர் ரெசின் டின்னைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளுவதைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தவள் அனிட்டா ஒருத்திதான். அவளுக்கு அழுகை வந்தது. அவமானப்படுவது அவரா தானா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சேதுலட்சுமி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தான் கொண்டுவந்த அட்டைப்பெட்டியைத் திறந்து ஒரு சின்ன வீட்டை எடுத்து வைத்தார். ஓட்டுக் கூரை, புகைக்கூண்டு, வாசலில் விறகுக் கட்டு. மலைக் கிராமத்து வீடு. அனிட்டா ஆடி மாதத்தில் செய்து அனுப்பியது.

"அதை விடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்," என்றார் அவர். "இந்தச் சுவத்துல, தரையில இருந்து முழங்கால் ஒசரத்துக்கு வெள்ளையாப் போட்டிருக்கே, இது என்ன?"

இன்னாசி குனிந்து பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வீட்டை அவர் பார்க்கிறார் என்பது அவர் குனிந்த விதத்திலேயே தெரிந்தது.

"பனிங்க," என்றார்.

"பனியேதான். மலையில்ல?" என்றார் ஆன்டனி ராஜ்.

"பனி மேல இருந்துதான விழும்? கூரையில ஒரு பொட்டு இல்லையே."

"காத்துல அடிச்சிருக்கும்."

சேதுலட்சுமி பெருமூச்சு விட்டார். "எத்தனையோ பேர் எனக்கு வீடு செஞ்சு குடுத்திருக்காங்க. எல்லாம் பேக்கரி கேக்கு மாதிரி இருக்கும். இந்த எட்டு வீட்டுலதான் ஆள் குடியிருந்த மாதிரி இருக்கு. எட்டுலயும் இந்த வெள்ளை இருக்கு. இதைப் போட்டவங்களை நம்பித்தான் நாப்பது வீட்டுக்குப் பேப்பர் கொண்டாந்தேன்." வீட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். "இது என்னன்னு தெரியாதவங்ககிட்ட எப்படிக் குடுக்குறது?"

அடுப்படியில் அனிட்டாவுக்கு முகம் சூடேறியது. வேலை போகிறதே என்பதால் மட்டும் இல்லை. அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது, தான் செய்தது தப்பு என்று. மலையில் எங்கேயடி உப்பு? பிறந்தது முதல் அவள் பார்த்த சுவர்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. கோயில் சுவர், பள்ளிக்கூடச் சுவர், இதோ அவள் சாய்ந்து நிற்கும் இந்த அடுப்படிச் சுவர், எல்லாமே முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, தொட்டால் உதிரும். உப்பு ஏறாத சுவர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அது பனி இல்லீங்க. உப்பு," என்றாள். "மலையில உப்பு இருக்காதுன்னு தெரியாம தப்பாப் போட்டுட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் வாய்விட்டுப் பேசியது தெரிந்தது. திரைச்சீலையையும் அவள் கை விலக்கியிருந்தது.

யாகப்பம்மாள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"யாரு இவங்க?" என்றார் சேதுலட்சுமி.

"என் மருமக," என்றார் இன்னாசி சட்டென்று. "கூடமாட இருக்கும். நான் சொல்லிக் குடுத்ததுதான் எல்லாம்."

"அப்ப நல்லதாப் போச்சு. சொல்லிக் குடுத்தவர் கை இன்னைக்குச் சரியில்ல. கத்துக்கிட்டவங்க போட்டுக் காட்டட்டும்." சேதுலட்சுமி ஒரு புதுச் சுவர்த் துண்டை எடுத்து நீட்டினார். "எங்க கமுதிப் பக்கம் சுவத்துல கரையான்தான் ஏறும். உப்பு ஏறி நான் பார்த்ததில்ல. வாங்க."

அனிட்டா மேசைக்கு வந்தாள். பக்கத்தில் இன்னாசி. எதிரில் மாமியார். யாகப்பம்மாளின் கண் கெஞ்சியது. கெட்டுப்போகிற மாதிரி ஏதாவது இழுத்து வை தாயி, எல்லாருக்கும் இன்றைக்கு நாள் சரியில்லை என்று முடித்துவிடலாம் என்றது அந்தக் கண். செய்யலாம்தான். நாலு கோடு கோணலாகப் போட்டால் போதும். வேலையும் போகும், பேச்சும் போகும், திங்கட்கிழமை வழக்கம்போல விடியும்.

ஈரப் பிரஷ்களில் பொடிசாக ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்தாள். வெள்ளையில் ஊசிமுனை அளவு மஞ்சள் கலந்தாள். பெயின்டைத் தொட்டு, தொட்டதில் பாதிக்கு மேல் துணியில் துடைத்து எடுத்தாள். கெடுக்க வேண்டும் என்றுதான் சுவரில் வைத்தாள்.

கை கேட்கவில்லை. பிரஷ் தரையில் இருந்து மேலே பொட்டுப் பொட்டாக ஏறியது. நேர்கோடாக ஏறவில்லை. உப்பு அப்படி ஏறாது. மூலையில் கூடவும், வாசற்கால் ஓரத்தில் குறையவும் ஏறும். ஊசியால் இரண்டு இடத்தில் கீறிக் காரையை உதிர்த்தாள். உப்பு நின்ற இடத்துக்கு மேலே ஈரக்கறை ஒன்றை மெல்லியதாக இழுத்தாள். அவ்வளவுதான். ஆறேழு நிமிஷம் ஆகியிருக்கும்.

ஆன்டனி ராஜ் தன்னை மறந்து எழுந்து வந்து குனிந்தார். "ஏலே இன்னாசி! நம்ம கோயில் வடக்குச் சுவருடா இது!"

சொன்ன பிறகு அவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. பொன்னாடை போர்த்திய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சன்னலைப் பார்த்தார்.

சேதுலட்சுமி பையில் இருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். முதல் பக்கத்தில் இன்னாசி என்று அச்சாகியிருந்த இடத்தைப் பேனாவால் அடித்தார். "பொங்கலுக்குள்ள முதல் எட்டு வீடு வேணும். சரக்கு திங்கக்கிழமை வந்துரும். தகட்டுக்கும் பேப்பருக்கும் ஒரே பேர்தான். என்ன பேர் போட?"

இன்னாசி தொண்டையைச் செருமினார். நல்ல மாலுமிக்குக் காற்று மாறியதும் பாயைத் திருப்பத் தெரியும்.

"இன்னாசி மருமகள்னு போட்டுருங்க. ஊருக்கே தெரியும்."

அறையில் இருந்த எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஆன்டனி ராஜ், "அதுதான் சரி, அதுதான் லட்சணம்," என்றார். யாகப்பம்மாள் அடுப்படியில் வைத்த காப்பியை எடுக்கக் கிளம்பினாள். ரிஃபாய்கூடச் சிரித்தார். யாருக்கும் நஷ்டமில்லாத தீர்ப்பு. பெரியவர் மானமும் தப்பியது, மருமகளுக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

சேதுலட்சுமி மட்டும் பேனாவைத் தாளில் வைக்கவில்லை. அனிட்டாவைப் பார்த்தார். "சரியாம்மா?"

சரி என்று சொல்ல அவளுக்கு நன்றாகப் பழக்கம். இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷமாகச் சொல்லும் சொல்தான். நாக்கு நுனிக்கு வந்தேவிட்டது. தகடு கண்ணில் தெரிந்தது. நாற்பது வீடு, நாற்பது கூரை, ஒவ்வொரு சன்னலும் அவள் கண் வலிக்கச் செய்தது. அதற்கு முன்னால் ரயில் போகும்போதெல்லாம் ஆட்கள் குனிந்து படிப்பார்கள். படித்துவிட்டு, யாரோ ஒரு இன்னாசியின் மருமகளாம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

"இல்லீங்க," என்றாள். "என் பேரு அனிட்டா. அது மட்டும் போதும்."

யாகப்பம்மாள் போன கால் நின்றது. சேதுலட்சுமி எழுதினார். அனிட்டா கையெழுத்துப் போட்டாள்.

இன்னாசி கோபப்படவில்லை. விருந்தாளிகளைக் குடை பிடித்துக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். ஆன்டனி ராஜிடம், குடிலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி மெல்லிய குரலில் சொன்னார். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து உள்ளே வந்து, அவள் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"மன்னிச்சிருங்க மாமா," என்றாள் அனிட்டா. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. மன்னிப்புக் கேட்டது உண்மை. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனசில்லாததும் உண்மை.

"எதுக்கு? நீ செஞ்சது, உன் பேரு. அதுல தப்பு ஒண்ணும் இல்லத்தா." அவர் குரல் சாதாரணமாக இருந்தது. "எனக்குக் கடல் போச்சு. இதை வச்சுக் கொஞ்ச நாள் கரையில தலை நிமிர்ந்து நடந்தேன். இனிமே அதுவும் இல்ல. சரி. உள்ளது உள்ளபடி இருக்கணும்னு நீ சொல்லிட்ட. அப்படியே இருப்போம்."

அவர் எழுந்தார்.

"பேரு உன்னது. வீடு என்னது. பின்கட்டு ரூமுல என் வலையைப் போடணும். நாளைக்குப் பூசை முடிஞ்சு நான் வாரதுக்குள்ள உன் சாமான் எல்லாத்தையும் ஒழிச்சுக் குடுத்துரு. அந்த மேசை இனி இந்த வீட்டுக்குள்ள எங்கனயும் கெடக்கக்கூடாது."

"என்னங்க இது?" என்றாள் யாகப்பம்மாள்.

"சொன்னேன்ல," என்று அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழுந்தது.

யாகப்பம்மாள் மருமகளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அனிட்டா எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை. ஒழுகிக்கொண்டிருந்த பிரஷ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தன் சேலையிலேயே துடைத்து, மருமகள் கையில் வைத்தாள்.

"எங்க போட்டுச் செய்வ?" என்று மட்டும் கேட்டாள்.

நாற்பது வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டவள், பிரஷ்களை முந்தானையில் முடிந்துகொண்டு, மேசையில் தேங்கிய தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தாள்.